குறியீட்டு எண்ணில் வாடகை இல்லை

வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றுகிறது. உலக நகரங்களின் விலைவாசியை ஒப்பிட்டுக் காட்டும் நம்பியோ (Numbeo) தளத்தின் வாழ்க்கைச் செலவுக் குறியீட்டில் நியூயார்க் 100, ஏதோ ஓர் ஊர் 25. ஆகவே வீட்டு வாடகை உட்பட எல்லாமே அங்கே கால்வாசி விலைதான், கால்வாசிச் சம்பளம் போதும் என்கிறது அது.

தவறு. நியூயார்க்கை 100 என்று வைத்துக் கணக்கிடுவது உண்மைதான். ஆனால் அந்தக் குறியீட்டில் வாடகை சேர்க்கப்படுவதே இல்லை. மளிகை, ஓட்டல் சாப்பாடு, போக்குவரத்து, மின்சாரம் மாதிரியான செலவுகள்தான் அதில் வரும். வாடகைக்குத் தனிக் குறியீடு, இரண்டும் சேர்ந்ததற்கு இன்னொன்று என்று அதே தளத்திலேயே இருக்கின்றன. படம் போட்டவர் பக்கத்துக் கட்டத்தைப் பார்க்கவில்லை போல. விலைகளில் பெரும்பகுதி பயனர்களே பதிவதுதான் என்பதையும் மறக்கக் கூடாது.

சரி, வாடகைக் குறியீட்டையே எடுத்துக்கொள்வோம். அது விலையைச் சொல்லும், கட்டுப்படியாகுமா என்று சொல்லாது. அதற்குச் சம்பளம் தெரிய வேண்டும். நியூயார்க்கில் வீட்டுக்காரர்கள் பலர் மாத வாடகையைப் போல 40 மடங்கு ஆண்டு வருமானம் கேட்பார்கள். அதாவது 12 மாத வாடகை ஆண்டு வருமானத்தில் 30 சதவீதம். நியூயார்க்கோடு ஒப்பிட்டால் வாடகை கால்வாசியாகவும் சம்பளம் பத்தில் ஒரு பங்காகவும் உள்ள ஊரில் அதே வீட்டுக்கு 75 சதவீதம் போய்விடும். அப்புறம் சென்னை மாதிரி ஊர்களில் மொத்தமாகக் கேட்கும் அட்வான்ஸ் எந்தக் குறியீட்டிலும் தெரியாது.