ஒரே ஒரு வெப்பமானி போதுமா?

தடுப்பூசிகளைச் சேமிக்கும் குளிர் அறைகள் பற்றிய கட்டுரையில், கதவருகே உள்ள வெப்பநிலைத் திரை 5 டிகிரி செல்சியஸ் என்று காட்டினால் அறை முழுவதும் அதே வெப்பநிலையில் இருக்கும் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. அந்த எண், வெப்பநிலையை அளக்கும் உணரி பொருத்தப்பட்டுள்ள ஒரு புள்ளியின் நிலையை மட்டுமே சொல்லும். குளிர்காற்று வெளிவரும் வாய்க்கு நேர் எதிரே உள்ள தட்டு உறைநிலைக்குக் கீழே போய்விட, கதவை ஒட்டிய மேல்தட்டு 8 டிகிரி என்ற மேல் வரம்பைத் தாண்டி நிற்பதும் உண்டு. ஹெபடைட்டிஸ் பி போன்ற, அலுமினிய உப்பு சேர்ந்த தடுப்பூசிகள் உறைந்துவிட்டால் ஆற்றலை இழக்கின்றன. உருகிய பின் குப்பியை மேலோட்டமாகப் பார்த்து அதைக் கண்டறிவது கடினம் என்பதால்தான் அறையின் பல இடங்களிலும் வெப்பநிலையை அளந்து பார்க்கும் சோதனையை இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

அளவுத்திருத்தம் செய்யப்பட்ட (துல்லியம் சரிபார்க்கப்பட்ட) வெப்பநிலைப் பதிவுக்கருவிகளை மூலைகளிலும் நடுப்பகுதியிலும் பல உயரங்களில் வைத்து, அறை வெறுமையாக இருக்கும்போதும் சரக்கு நிரம்பியிருக்கும்போதும் தனித்தனியே பதிவுசெய்ய வேண்டும். ஏனெனில் சுவரோடு ஒட்டி அடுக்கிய பெட்டிகள் காற்றோட்டத்தை மறித்து, வெற்று அறையில் இல்லாத வெப்பப் பகுதிகளை உண்டாக்கிவிடும். கதவைத் திறந்து வைத்தும், மின்சாரத்தைத் துண்டித்தும் பார்த்தால் (பலர் இதைத் தவிர்த்துவிடுவது வருத்தத்திற்குரியது) அறை எத்தனை நேரம் தாங்கும் என்பது தெரியவரும். நிரந்தர உணரிகளை, இவ்வாறு கண்டறிந்த மிக வெப்பமான இடத்திலும் மிகக் குளிர்ந்த இடத்திலும் பொருத்த வேண்டும்.