மணலில் வண்டி ஓட்டட்டும், ஆனால் இங்கே அல்ல

கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய கடற்கரைகளில் ஏடிவி எனப்படும், மணலிலும் மேடுபள்ளத்திலும் ஓடும் பருத்த சக்கர வண்டிகள் ஓடுவதை அடியோடு நிறுத்த வேண்டும் என்று நண்பர்கள் எழுதுகிறார்கள். எனக்கும் அதில் உடன்பாடுதான். ஆனால் ஓட்டுவதற்கென்று வேறோர் இடத்தை ஒதுக்காமல் தடை மட்டும் போட்டால், அது அறிவிப்புப் பலகையோடு நின்றுவிடும் என்பது என் கருத்து. மகளைப் பார்க்க அமெரிக்கா போயிருந்தபோது, மருமகன் அழைத்துச் சென்ற ஹாட் வெல் டியூன்ஸ் என்ற மணல்மேட்டுப் பகுதி என்னை இப்படி எண்ண வைத்தது.

அரிசோனாவின் தென்கிழக்கில், சாஃபோர்டு என்ற சிற்றூரைத் தாண்டி, மண் சாலையில் நெடுந்தூரம் போனால் சுமார் 2,000 ஏக்கருக்கு மணல்மேடுகள். மத்திய அரசின் நில மேலாண்மைத் துறையின் பொறுப்பில் உள்ள இடம். கடை கண்ணி எதுவும் இல்லாததால் குடிநீர் உட்பட எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோக வேண்டும். 1928-இல் எண்ணெய் தேடித் துளையிட்டவர்களுக்கு 1,920 அடி ஆழத்தில் கிடைத்தது வெந்நீர்தான். ஏறத்தாழ 106 டிகிரி ஃபாரன்ஹீட் சூட்டில் வந்த அந்த நீரைத் தொட்டிகளில் தேக்கியிருந்தார்கள். ஊருக்குள் இருக்கும் நமக்கு வெந்நீர்த் தொட்டி வேடிக்கையாகத் தோன்றலாம். குளிர்காலப் பாலைவன இரவில் பற்கள் தந்தியடிக்கும்போது கழுத்தளவு நீரில் உட்கார்ந்து பார்த்தால்தான் அதன் அருமை தெரியும்.

நான் அதிகம் கவனித்தது ஓட்டுபவர்களைத்தான். மணலில் இறங்குமுன் டயர்களில் காற்றைக் குறைத்தார்கள். டயர் தட்டையாகிப் பரந்து அழுந்துவதால் புதைவதில்லை. ஒவ்வொரு வண்டியின் பின்னாலும் நீண்ட கம்பியில் ஒரு கொடி ஆடியது. மணல்மேடுகளில் ஓட்டும் வண்டிகளுக்குத் தரையிலிருந்து 8 அடி உயரத்தில் கொடி இருக்க வேண்டும் என்பது அம்மாநிலச் சட்டம். மேட்டின் இந்தப் பக்கம் ஏறுகிறவருக்கு அந்தப் பக்கம் ஏறி வருகிறவர் தெரியமாட்டார், கொடி மட்டுமே முதலில் தெரியும். பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்குத் தலைக்கவசமும் கட்டாயம். கண்ணாடிப் பாட்டில்களுக்கு அனுமதியில்லை. வெறுங்காலோடு நடக்கும் மணலில் அது எவ்வளவு முக்கியம் என்பதை நம் கடற்கரையில் உடைந்த பாட்டிலை மிதித்தவர்களிடம் கேளுங்கள்.

இங்கே நிலைமை என்ன? நான் பார்த்த வண்டிகளில் கொடியும் இல்லை, ஓட்டியவர் தலையில் கவசமும் இல்லை. குடும்பங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு நடுவிலேயே ஓட்டினார்கள். பங்குனி ஆமைகள் என்ற கடலாமைகள் கரைமணலில் முட்டையிடும் ஜனவரி முதல் மார்ச் வரையிலான மாதங்களே சுற்றுலாவுக்கும் உகந்த காலம். நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே ஒரு மாணவர் அமைப்பு 1988 முதல் இரவெல்லாம் நடந்து முட்டைகளைச் சேகரித்துக் காப்பாற்றி வருகிறது. அதே கடற்கரையோரத்தில் பகலில் சக்கரங்கள் உருளுவதை நான் எப்படி ஏற்க முடியும்?

பாலைவனத்திலும் செடிகொடிகள் நசுங்கத்தான் செய்யும். ஆனால் சேதத்தை ஓர் எல்லைக்குள் நிறுத்திவிடலாம். செங்கல்பட்டுப் பக்கம் தோண்டி முடித்துக் கைவிடப்பட்ட கல்குவாரிகள் இருக்கின்றன. நீர் தேங்கிய பள்ளங்களுக்கு வேலியிட்டு, வண்டிக்குச் சிறு கட்டணம் வைத்து, அந்தக் குவாரிகளில் ஒன்றை ஒதுக்கலாம். வாடகைக்கு வண்டி விட்டுப் பிழைப்பவர்களையும் அங்கே குடியமர்த்திய பிறகு கடற்கரையில் தடை போட்டால், எதிர்க்க எவருக்கும் காரணம் இருக்காது.