மருந்தை மிச்சம் பிடித்தவன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சைலன்ட் ஹில் 2 விளையாட வேண்டும் என்று ஆசை வைத்திருப்பவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டாம். முடிவு உட்பட எல்லாவற்றையும் போட்டு உடைக்கப் போகிறேன்.

2001இல் பிளேஸ்டேஷன் 2க்காக கொனாமி வெளியிட்ட கேம் இது. அப்போது எனக்கு கேம் என்றால் பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து நண்பனைச் சுடுவது மட்டும்தான். போலந்தின் புளூபர் டீம் செய்த ரீமேக் 2024 அக்டோபரில் வந்தது. அதில்தான் நான் சிக்கினேன். பிள்ளை தூங்கிய பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம். முடிக்க மூன்று வாரம் ஆனது.

கதை இதுதான். ஜேம்ஸ் என்பவனுக்கு மனைவி மேரியிடமிருந்து கடிதம் வருகிறது, நம்முடைய அந்த இடத்தில் காத்திருக்கிறேன் என்று. மேரி நோயில் இறந்து மூன்று வருடம் ஆயிற்று என்பது அவனுக்கும் தெரியும். இருந்தும் சைலன்ட் ஹில் என்கிற அந்த ஊருக்குக் கிளம்பி வருகிறான். ஊர் முழுக்கப் பனிமூட்டம், பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. கையில் ஒரு பழைய ரேடியோ, பக்கத்தில் ஏதாவது உருவம் இருந்தால் கரகரக்கும். எனக்கு உருவங்களைவிட அந்தக் கரகரப்புதான் வயிற்றைப் பிசைந்தது. வந்துவிட்டது என்று தெரியும், எந்தப் பக்கம் என்று தெரியாது.

இந்தப் பனிமூட்டத்துக்கு ஒரு பூர்வீகம் உண்டு. 1999இல் வந்த முதல் பாகத்தில், தூரத்துத் தெருவையெல்லாம் வரைந்து காட்ட அன்றைய பிளேஸ்டேஷனுக்குத் தெம்பு போதவில்லை. அதை மறைக்கப் போட்ட திரைதான் அது. இன்றைய மெஷின் ஊரையே வரையும், ஆனால் திரையை எடுத்துவிட்டால் அது சைலன்ட் ஹில்லே இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பிரியாணியில் லெக் பீஸைக் கடைசி வாய்க்கு ஒதுக்கி வைக்கிற ஆள் நான். கேமிலும் அதே புத்திதான். அடி வாங்கினால் குடிக்க மருந்து பாட்டில், போட்டுக்கொள்ள ஊசி எல்லாம் கிடைக்கும். நான் தொடவே மாட்டேன். திரையின் ஓரமெல்லாம் சிவந்து, ஜேம்ஸ் தள்ளாடி நடக்கும்போதும் 'பெரிய சண்டை ஒன்று வரும், அப்போது பார்த்துக்கொள்ளலாம்' என்று விடுவேன். வழியில் ஏஞ்சலா என்ற பெண்ணிடமிருந்து ஒரு கத்தி அவனிடம் வரும். அதில் ஏதாவது துப்பு இருக்கும் என்று அடிக்கடி எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மேரியின் போட்டோவும் பையில்தான் இருந்தது. அதை முதலில் ஒருமுறை பார்த்ததோடு சரி.

ஹோட்டலில் 312ஆம் நம்பர் அறை. அங்கே ஒரு வீடியோ டேப் ஓடுகிறது. மேரி நோயில் சாகவில்லை, படுக்கையில் கிடந்தவளைத் தலையணையால் அமுக்கிக் கொன்றவன் ஜேம்ஸ்தான் என்று தெரிகிறது. இந்த கேமுக்கு முடிவு ஒன்றல்ல, பல. எனக்குக் கிடைத்த முடிவில், மேரியின் உடலோடு காரை ஏரிக்குள் விட்டுவிடுகிறான்.

எந்த இடத்திலும் என்னை யாரும் எதுவும் கேட்கவில்லையே, பிறகு எப்படி இந்த முடிவு? தேடிப் பார்த்தால் அப்போதுதான் தெரிகிறது, கேம் முழுக்க என்னைக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறது. காயத்தோடு மருந்து போடாமல் திரிந்தால் இவனுக்கு வாழ ஆசை இல்லை என்று கணக்கு. அந்தக் கத்தியைப் பார்த்தால் அதற்கும் கணக்கு. மேரியின் போட்டோவைப் பார்த்தால், உடனுக்குடன் மருந்து போட்டால், அவன் ஊரைவிட்டு உயிரோடு வெளியேறுகிற முடிவின் பக்கம் கணக்கு ஏறும். நான் சிக்கனம் என்று நினைத்துச் செய்ததெல்லாம் அங்கே வேறு பெயரில் வரவு வைக்கப்பட்டிருந்தது. பையில் இருபதுக்கு மேல் பாட்டில் மிச்சம்!

மற்ற கேம்களில் இரண்டு பட்டன் வரும்: மன்னிக்கிறாயா, கொல்கிறாயா. நல்லவன் மாதிரி அமுக்கிவிட்டுப் போய்விடலாம். அதெல்லாம் பரீட்சைக்குக் கேள்வித்தாளை முன்கூட்டியே கொடுப்பது போலத்தான். இது பரீட்சை நடக்கிறது என்றே சொல்லாமல் மார்க் போடுகிறது. பயம் என்றால் இதுதான் என்பேன். ரீமேக்கில் குறை இல்லாமல் இல்லை. பழையதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு இழுத்திருக்கிறார்கள். அந்தச் சிறைச்சாலைப் பகுதியில் பாதியை வெட்டியிருந்தால் ஒன்றும் குறைந்திருக்காது.

என்னை உண்மையில் பிடித்துக்கொண்டது கடைசிச் சண்டைக்கு முன்னால் வருகிற நீண்ட நடைபாதை. நடக்க நடக்க மேரியின் குரல் கேட்கும். பூ வாங்கிவந்த ஜேம்ஸைத் திட்டுகிறாள், போய்த் தொலை என்கிறாள், அடுத்த மூச்சில் போகாதே, கூடவே இரு என்று அழுகிறாள். நான் ஓடிவிட்டேன். குரல் முடிவதற்குள் கதவைத் திறந்துவிட்டேன். முழுக்க நின்று கேட்கிறோமா என்பதும் கணக்கில் உண்டு என்று பிறகு படித்தேன்.

அப்பத்தா எங்கள் வீட்டில் இரண்டு வருடம் படுக்கையில் கிடந்தது. கஞ்சி டம்ளரைத் தட்டிவிட்டு அம்மாவை வாய்க்கு வந்தபடி ஏசும். அம்மா தரையைத் துடைத்துவிட்டு எழுந்தால், "எங்கடி போற, இங்கனயே இரு" என்று சேலையைப் பிடித்துக்கொள்ளும். நான் அப்போது ப்ளஸ் டூ. சத்தம் ஆரம்பித்ததும் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விடுவேன். படிக்கிற பையன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

போன வாரம் இரண்டாம் முறை ஆரம்பித்து நேற்று அந்த நடைபாதைக்கு வந்தேன். மருந்தெல்லாம் தாராளமாகக் குடித்திருந்தேன். குரல் ஆரம்பித்ததும் ஜேம்ஸை அப்படியே நிறுத்திவிட்டேன். தண்ணீர் குடிக்க எழுந்துவந்த மனைவி பின்னால் நின்று பார்த்திருக்கிறாள் போல, ஹெட்போனை விலக்கி, "என்ன, ஹேங் ஆயிடுச்சா?" என்றாள். இல்லை, பேசிக்கொண்டிருக்கிறாள், முடியட்டும் என்றேன்.