முட்டை ஒவ்வாமைக்காகத் தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள்

"முட்டை ஒத்துக்கொள்ளாத குழந்தைக்கு எந்தத் தடுப்பூசியும் போடக்கூடாது" என்று சிலர் எழுதுகிறார்கள். தவறு. இதை நம்பி ஒரு தாய் தட்டம்மை ஊசியைத் தவிர்த்துவிட்டால், ஆபத்து அந்தக் குழந்தைக்குத்தான்.

தட்டம்மைத் தடுப்பூசிக்கான வைரஸை முட்டைக்குள் வளர்ப்பதில்லை. கோழிக்கருவிலிருந்து எடுத்த செல்களிலோ மனித செல்களிலோ வளர்க்கிறார்கள். ஒவ்வாமையைக் கிளப்பும் முட்டைப் புரதம் அதில் இல்லையென்றே சொல்லலாம்.

குழப்பத்தின் வேர் ஃப்ளூ ஊசி. அதன் வைரஸ் பெரும்பாலும் கருவுற்ற கோழிமுட்டைக்குள்ளேயே வளர்க்கப்படுகிறது, உண்மைதான். ஆனால் சுத்திகரித்தபின் ஒரு ஊசியில் மிஞ்சும் முட்டைப் புரதம் பொதுவாக 1 மைக்ரோகிராமுக்கும் குறைவு. அதாவது ஒரு கிராமைப் பத்து லட்சம் கூறு போட்டால் அதில் ஒரு கூறுகூட இல்லை. முட்டையை ஒரு வாய் தின்றதும் உதடு வீங்கி மூச்சுத் திணறியவர்களும் இதைப் போட்டுக்கொள்ளலாம். முட்டை ஒவ்வாமைக்கென்று தனி முன்னெச்சரிக்கை வேண்டாம் என்று அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2023இலேயே சொல்லிவிட்டது.

உண்மையில் யோசிக்க வேண்டியது மஞ்சள் காய்ச்சல் (கொசுவால் பரவும் வைரஸ் நோய்; மஞ்சள் காமாலை அல்ல) தடுப்பூசிக்கு. அதில் முட்டைப் புரதம் கூடுதலாக இருக்கக்கூடும். ஒவ்வாமை மருத்துவரைப் பார்க்காமல் போட்டுக்கொள்ளாதீர்கள். முன்பு ஏதாவது தடுப்பூசிக்கே கடுமையான ஒவ்வாமை வந்திருந்தால், அதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.