நான் நான்தான்னு நம்ப இன்னும் என்னதான் காட்டணும்?

நேற்று ராத்திரி டாலி என்கிற கணக்கு மென்பொருள் கோர்ஸுக்கு, கேமராவில் கம்ப்யூட்டரே கண்காணிக்கும் ஆன்லைன் தேர்வை வீட்டிலிருந்து எழுத உட்கார்ந்தேன். 'அடையாளம் உறுதியாகவில்லை' என்று சிவப்பு எழுத்தில் வந்தது பாருங்கள், லேப்டாப்பைத் தூக்கிக் காசிமேட்டுக் கடலில் போட்டுவிடலாம் போலிருந்தது. காசு கட்டும்போது மட்டும் நான் யாரென்று ஒருத்தரும் கேட்கவில்லை, ஓடிபி போதுமாக இருந்தது.

முதலில் பெயர். 'லாஸ்ட் நேம்' கட்டாயமாம். நமக்கு ஏது லாஸ்ட் நேம்? இருப்பது ஒரு இனிஷியல், அதுவும் முன்னால். ஒற்றை எழுத்தை வாங்க மாட்டேன் என்றது, சரி என்று அப்பா பெயரை முழுசாகப் போட்டேன். உடனே ஆதாரோடு பொருந்தவில்லையாம். ஹார்பரில் ரிட்டயர் ஆன மனுஷன், அவரா வந்து டாலியில் ஜிஎஸ்டி என்ட்ரி போடுவார்? மெயில் அனுப்பினால் 'உங்கள் பொறுமைக்கு நன்றி' என்று பதில். எந்தப் பொறுமை?

அப்புறம் முகம். ஆதாரில் நான் இரட்டைப் பின்னல் போட்டு எண்ணெய் வழிய நிற்கும் பள்ளிக்கூடப் பிள்ளை. இடப்பக்கம் திரும்பு, வலப்பக்கம் திரும்பு, கண் சிமிட்டு, வெளிச்சம் போதாது, தள்ளி உட்கார்... பெண் பார்க்க வந்தவர்கள்கூட இப்படிப் பார்த்ததில்லை. 2018இல் ஜாய் புவலாம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள், முகத்தை வைத்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்களைச் சோதித்தார்கள். கறுப்புப் பெண்களிடம் தப்பு கிட்டத்தட்ட 35 சதவீதம் வரை போனது, வெள்ளை ஆண்களிடம் 1 சதவீதம்கூட இல்லை. என் நிறத்துக்கு டியூப்லைட்டை மாற்றி என்ன பிரயோஜனம்?

அடுத்து, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அறையைச் சுற்றிக் காட்ட வேண்டுமாம். வண்ணாரப்பேட்டையில் பத்துக்குப் பத்து வீட்டில் அறை என்று எதைக் காட்ட? அடுப்பு, பீரோ, கொடியில் காயும் நைட்டி, கட்டிலுக்கடியில் வெங்காயக் கூடை எல்லாம் காட்டினேன். 'ஒன்றுக்கு மேற்பட்ட முகங்கள்' என்றது. அம்மாவைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பியாயிற்று, அப்பா மாடிப்படியில், இன்னும் யார்? கதவிடுக்கு வரை பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கினால் சுவரில் காலண்டர். ஆறுமுகன்! அதில் எத்தனை முகத்தை எண்ணித் தொலைத்ததோ, முருகா மன்னிச்சுக்கோ என்று சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டினேன். அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தில் ஒரு மாணவர் வழக்குப் போட்டு, பல்கலைக்கழகம் அவர் படுக்கையறையை இப்படிச் சுற்றிப் பார்த்தது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 2022இல் நீதிபதியே சொல்லிவிட்டார். கொடுத்துவைத்தவர், அவருக்குப் படுக்கையறை என்று தனியாக ஒன்று இருந்திருக்கிறது.

ஒருவழியாகத் தேர்வு திறந்தது. கணுக்காலில் கொசு. குனிந்தேன், 'பார்வை திரையை விட்டு விலகுகிறது'. அந்த நேரம் பார்த்துத் தெருவில் தண்ணி லாரி, 'குடத்தை எடுடீ' என்று மொத்தச் சந்தும் கத்த, 'பேச்சுக் குரல்' என்று மூடிக்கொண்டது. காசு வாங்கிக்கொண்டு அடுத்தவனுக்கு எழுதிக் கொடுக்கிறவன் மட்டும் ஏசி ரூமில் ஜம்மென்று உட்கார்ந்து எழுதிவிட்டுப் போவான். ஐஐடிகளின் ஆன்லைன் படிப்பான என்பிடிஇஎல் பரவாயில்லை, மதிப்பெண்ணில் 75 சதவீதம் மையத்துக்கு நேரில் போய் எழுதும் தேர்வுக்குத்தான். ஹால் டிக்கெட்டைப் பார்ப்பார்கள், மூஞ்சியைப் பார்ப்பார்கள், 'போய் உட்காரும்மா'.

அம்மா உள்ளே வந்ததும் கேட்டாள், "முருகன் ஏன்டி நம்மகூட கோச்சுக்கினு அந்தப் பக்கம் பாக்குறாரு?" அழ ஆரம்பித்தவள் சிரித்துவிட்டேன்.

சரி, தண்ணி லாரி என்றதும் ஞாபகம் வந்தது. ஊரே குடத்தோடு வரிசையில் நிற்கும்போது மோட்டாரைப் போட்டுவிட்டு, டேங்க் வழிந்து சந்தெல்லாம் ஓடுகிற வரை சீரியல் பார்க்கும் எங்கள் மேல் வீட்டு அண்ணனை என்ன செய்யலாம், சொல்லுங்கள்?