லுங்கிதான் மேடம்

ஞாயிற்றுக்கிழமை ஹாலில் மைக் பிடித்திருந்த ஓர் அம்மா, நான் தைத்த குயில்ட்டின் (மேல்துணி, பஞ்சு, பின்துணி மூன்றையும் சேர்த்துத் தைக்கிற போர்வை) பின்பக்கத்து ஒட்டுத்துணியைக் கேலி செய்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் அந்த வாட்ஸ்அப் போட்டோவைப் பார்த்திருப்பீர்கள். என் குயில்ட்டைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தை மட்டும் கிட்டத்தில் எடுத்து, "மேலே சிங்காரம், உள்ளே ஓக்காளம்" என்று எழுதி, கீழே சிரிக்கிற பொம்மை மூன்று.

அங்கேயே பதில் சொல்லியிருக்க வேண்டும். மைக் வைத்திருப்பவரிடம் வாயைக் கொடுக்க எனக்கு எப்போதுமே பயம். மூன்று நாளாக மெஷின் முன்னால் உட்கார்ந்தால் மிதிக்கக் கால் வரவில்லை. அதனால் எழுதித் தொலைத்துவிடுகிறேன்.

குயில்ட்டின் பின்துணி ஒரே துணியாகவும் இருக்கலாம், ஒட்டுத்துணியாகவும் இருக்கலாம். தைப்பவள் விருப்பம். ஒட்டுப் போட்டால் சோம்பேறி என்றோ காசில்லாதவள் என்றோ அர்த்தமில்லை. இதைத்தான் சொல்ல வந்தேன். இதையே இன்னும் நாலு தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"பிளெயினா ஒரு காடாத்துணி போட்டிருந்தா எவ்ளோ நீட்டா இருந்திருக்கும்" என்றார் அந்தம்மா. சரி மேடம், கணக்குப் போடுவோம். டபுள் காட் அளவு, 90க்கு 100 அங்குலம். தைக்கத் தைக்கத் துணி சுருங்கிக்கொண்டே வரும், அதனால் பின்துணி சுற்றிலும் 3 அங்குலமாவது கூட வேண்டும். ஆக 96க்கு 106. வடசென்னையில், வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் நான் வாங்கும் காட்டன் 44 அங்குல அகலம். ஓரக்கரையும் தையலுக்கு விடுவதும் போக 42 தேறும். இரண்டு பட்டை சேர்த்தால் 84. பன்னிரண்டு அங்குலம் இடிக்கிறது. அந்தப் பன்னிரண்டுக்காக மூன்றாவது பட்டையை முழுநீளத்துக்கு வாங்க வேண்டும். மொத்தம் 8 மீட்டருக்கு மேல். அப்படியும் முதுகில் இரண்டு தையல் ஓடும்! ஒரே துணி, ஒரே துணி என்கிறீர்களே, அதுவும் ஒட்டுப் போட்டதுதான். ஒரே கலரில் இருப்பதால் உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

நான் செய்தது இரண்டு பட்டை, 5.4 மீட்டர். நடுவில் ஒரு முழ அகலத்துக்கு வீட்டுத் துணிகளை ஒட்டிய பட்டை. போட்டோவில் இருப்பது அந்தப் பட்டை மட்டும்தான். இரண்டு பக்கமும் இருந்த சந்தனக் கலர் காட்டன் போட்டோ எடுத்தவர் கண்ணில் படவில்லை போலிருக்கிறது.

வெளிநாட்டில் பின்துணிக்கென்றே 108 அங்குல அகலத்தில் விற்கிறார்கள் என்று ஒருவர் யூடியூப் லிங்க் அனுப்பியிருந்தார். நன்றி. அதைக் கடையில் கேட்டேன். "ஷாமியானாவுக்கா, அக்கா?" என்றான் கடைத் தம்பி.

பெட்ஷீட் போடலாமே என்று இன்னொருவர். போடலாம். நெருக்கமாக நெய்த ஷீட்டில் கையூசி இறக்கிப் பார்த்துவிட்டு, விரல் நுனியைப் போட்டோ எடுத்து அனுப்பட்டும், பேசுவோம்.

பிளெயின் கூடாது என்று நான் சொல்லவே இல்லை. வரிசை பிசகாமல் கைத்தையல் போடுகிறவர்களுக்கு பிளெயின் பின்துணிதான் அழகு. ஒவ்வொரு தையலும் எண்ணி எடுக்கிற மாதிரி தெரியும். கோணல் இருந்தால் அதுவும் தெரியும், என் கை கொஞ்சம் கோணல். என் முதல் குயில்ட்டுக்கு மெரூன் பாப்ளின் போட்டேன், சுத்த பிளெயின். நனைத்துக் காயவைக்காமல் தைத்தது என் தப்பு. முதல் தடவை துவைத்ததும் முன்பக்கத்து வெள்ளைக் கட்டமெல்லாம் பீட்ரூட் வேகவைத்த தண்ணீர் கலர். அன்றைக்கு என்னை யாரும் மைக்கில் கூப்பிட்டுக் கேட்கவில்லை, பிளெயின் ஆயிற்றே!

ஒட்டு அதிகமானால் ஊசி இறங்கக் கஷ்டம் என்பது உண்மை. முன்பக்கத் தையலும் பின்பக்கத் தையலும் ஒரே இடத்தில் விழுந்தால் கட்டி தட்டும். தள்ளி வைத்துத் தைத்தால் தட்டாது. இதில் இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

"பின்பக்கத்தை யார் பார்க்கப் போறாங்க, அதுக்கு ஏன் இவ்ளோ மெனக்கெடணும்?" என்றும் கேட்டார்கள். அதே ஆட்கள்தான் திருப்பிப் பார்த்தார்கள்.

எங்கள் அம்மா குயில்ட் என்ற சொல்லையே கேட்டதில்லை. பழைய சேலைகளை நாலாக அடுக்கி, நைந்த இடத்தில் எது கிடைக்கிறதோ அதை வைத்து, ஓட்டுத்தையல் போட்டு விரிப்பு தைப்பாள். கொருக்குப்பேட்டை வீட்டில் பிள்ளைகள் நாலு பேருக்கும் அதுதான் பாய்க்கு மேல் மெத்தை. மழைத் தண்ணீர் வாசல்படி ஏறினால் அம்மா முதலில் பரணில் போடுவது ரேஷன் கார்டையும் அந்த விரிப்பையும்தான். அதில் எது முன்பக்கம், எது பின்பக்கம் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

இப்போது அந்த ஒட்டுப் பட்டையில் இருந்த லுங்கி. நீலமும் பச்சையும் கட்டம் போட்டது, அப்பாவுடையது. ஓர் ஓரத்தில் பீடி நெருப்பு பட்டு மிளகு அளவுக்கு ஓட்டை. அப்பா போன பிறகு ஒன்பது வருஷம் பீரோவில் கிடந்தது. வெட்டும்போது அந்த ஓட்டையை ஒதுக்கியிருக்கலாம், மனசு வரவில்லை. ஓட்டைக்குக் கீழே வெள்ளைத் துணி வைத்து, சுற்றிலும் சிவப்பு நூலில் சின்னச் சின்னதாகத் தையல் போட்டேன். ஒரு மத்தியானம் முழுக்க ஆனது.

அந்தம்மா நகத்தை வைத்தது சரியாக அந்த இடத்தில்தான். "இது லுங்கிதானே?" என்றார், மைக்கில். ஹாலே சிரித்தது. அப்புறம் போகிறபோக்கில், "உங்க ஏரியா பக்கம் இதெல்லாம் வழக்கம் போல."

எங்கள் ஏரியாவா? கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் துணி வெளுத்தவர்கள் இருந்ததால் வண்ணாரப்பேட்டை என்று பெயர் வந்த ஊர், எங்கள் தண்டையார்பேட்டைக்குப் பக்கத்து ஊர் மேடம். நீங்கள் கட்டியிருந்த சேலையே எம்.சி. ரோட்டில் வாங்கியதாகத்தான் இருக்கும் (இது என் ஊகம், தப்பாக இருந்தால் மன்னிப்புக் கேட்கிறேன்).

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு கிராமம். அங்கே கறுப்பினப் பெண்கள் வயல் வேலைக்குப் போட்டுத் தேய்ந்த பேன்ட், சட்டையில் தைத்த குயில்ட்டுகளை 2002இல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்தில் மாட்டினார்கள். அப்புறம் நியூயார்க். 2006இல் தபால்தலையே வந்தது. அவர்கள் தைத்தால் அருங்காட்சியகம். தண்டையார்பேட்டைக்காரி தைத்தால் ஓக்காளம்.

வயசில் பெரியவர், சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும், விமர்சனம் தாங்கத் தெரியவில்லை என்பீர்கள். தையல் கோணல் என்று சொல்லியிருந்தால் தலையாட்டியிருப்பேன். ஓரப்பட்டி ஒரு மூலையில் சுருங்கியிருக்கிறது, அதைக்கூட யாரும் பார்க்கவில்லை! என் அப்பாவின் லுங்கியைப் பார்த்துச் சிரித்தது எந்த வகை விமர்சனம்?

குரூப்பிலிருந்து வெளியே வந்துவிட்டேன். சமாதானம் பேச வேண்டாம்.

குயில்ட் பெங்களூருக்கு, மகளிடம் போகிறது. வீடியோ காலில் விரித்துக் காட்டினேன். "தாத்தா லுங்கி எந்தப் பக்கம்மா வருது? தலைமாட்டுல வர்ற மாதிரி ஏதாவது அடையாளம் வை" என்றாள். அந்தச் சுருங்கிய மூலையில் மஞ்சள் நூலில் ஒரு முடிச்சு போட்டிருக்கிறேன்.