முயிஸ்கா மக்களின் வாய்க்கால்களைப் பற்றியும் பேசுவோம்

கொலம்பியாவின் பழங்குடிகளான முயிஸ்கா மக்கள் என்றாலே பொன்துகள் பூசிக்கொண்டு ஏரியில் இறங்கிய தலைவனின் கதைதான் எல்லோர் நினைவுக்கும் வருகிறது. அந்தக் கதையில் பிறந்த எல் டொராடோ என்ற பெயர் இன்று தலைநகர் பொகோட்டாவின் விமான நிலையத்தின் மீதே இருக்கிறது. அதே மக்கள் சேற்றில் செய்த வேலையைப் பேச ஆளில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

கொலம்பியாவின் பொகோட்டா சமவெளி சுமார் 2,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் பெரும் ஏரியாகக் கிடந்த தரை. மழைக்காலத்தில் ஆறு கரைபுரண்டு நிலமெங்கும் தண்ணீர் தேங்கும். மேகமில்லாத இரவுகளில் உறைபனி விழுந்து பயிர் கருகும். இரண்டு தொல்லைக்கும் ஒரே வேலையில் வழி கண்டார்கள். நீளமாக வாய்க்கால் வெட்டி, வெட்டிய மண்ணைப் பக்கத்திலேயே மேடாகக் கொட்டி, மேட்டின் மேல் மக்காச்சோளமும் உருளைக்கிழங்கும் பயிரிட்டார்கள். வேர் அழுகவில்லை. பகல் வெயிலில் சூடேறிய வாய்க்கால் நீர் இரவில் அந்த வெப்பத்தை மெல்ல வெளிவிட, பனியின் கடுமை தணிந்தது. அடியில் படிந்த வண்டலை வாரி மேட்டில் போட்டால் எரு. அதே நீரில் மீன். இதைவிடச் சிக்கனமான பொறியியலை நான் அறிந்ததில்லை.

வீடுகளும் அந்த மண்ணிலிருந்தே எழுந்தவை. வட்டமாக மரக்கால் நட்டு, இடையில் பிரம்பு கட்டி, மண் பூசி, மேலே கூம்பாகப் புல் வேய்ந்தார்கள். தலைவர்களின் வளாகங்களைச் சுற்றி உயர்ந்த மரவேலி. 1537இல் வந்த ஸ்பானியர்கள் இவற்றைப் பார்த்துச் சமவெளிக்கே 'கோட்டைகளின் பள்ளத்தாக்கு' என்று பெயரிட்டார்கள். பிறகு நிலம் மேய்ச்சலுக்குப் போனது, வாய்க்கால்கள் தூர்ந்தன. 1960களில் சில்வியா பிராட்பென்ட் என்ற மானுடவியலாளர் இந்த வரிவரியான மேடுகளை ஆராய்ந்து எழுதினார்.

நகரம் வளர வளரச் சதுப்புநிலங்கள் மண் கொட்டி மூடப்பட்டன. 2011 மழையில் சமவெளியின் பல பகுதிகள் மூழ்கின; 2024இல் அதே பொகோட்டாவில் குடிநீருக்குப் பங்கீடு. தேங்கும் நீரை விரட்டுவதையே வளர்ச்சி என்று கருதும் திட்டமிடலை நான் ஏற்கவில்லை. எஞ்சிய சதுப்புநிலங்களில் 11க்கு 2018இல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் அங்கீகாரம் கிடைத்தது. அவற்றில் ஒன்றான ஹபோக்கேயில் பழைய வாய்க்கால் தடங்கள் இன்னும் இருக்கின்றன. பறவைகளுக்காக மட்டுமின்றி, மனிதர் வெட்டிய அந்த வாய்க்கால்களுக்காகவும் அதைக் காக்க வேண்டும். பொகோட்டாவின் பகுதிகளான சூபாவிலும் போசாவிலும் முயிஸ்கா வழித்தோன்றல்கள் இன்றும் தங்கள் சபைகளோடு வாழ்கிறார்கள். சதுப்புநிலத்தின் ஓரத்தில் அடுத்த சாலைக்கு வரைபடம் போடுமுன் அவர்களிடம்தான் முதலில் கேட்க வேண்டும்.